குலோத்துங்கனின் கால் பங்கு: 1070க்குப் பிந்தைய சோழ அரியணையின் மரபணுக் கணக்கு

1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் சோழனா, சாளுக்கியனா? கும்பகோணம், தஞ்சை வட்டாரத்தில் வரலாற்று ஆர்வலர்கள் நாலு பேர் கூடினால் இந்த வழக்கு வந்துவிடும். 1070இல் அதிராஜேந்திரன் சில வாரங்களே ஆண்டு இறந்ததும் சோழ அரச மரபைத் தொடங்கிய விஜயாலயன் வழி முடிந்தது, ஆந்திரத்தின் வேங்கியிலிருந்து வந்த தெலுங்கர்தான் பிறகு ஆண்டார்கள் என்பார் ஒரு சாரார். ராஜேந்திர சோழனின் மகள் வயிற்றுப் பேரனை வெளியாள் என்று எப்படிச் சொல்வது என்பார் மறு சாரார். அண்மைக் காலமாக மூன்றாவதாக ஒரு குரலும் சேர்ந்திருக்கிறது: டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே!

இந்த ஆய்வு அந்த மூன்றாவது குரலுக்கானது. குலோத்துங்கனின் உறவுமுறை கல்லிலும் செம்பிலும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் அவன் உடம்பில் யாருடைய மரபணு எவ்வளவு இருந்திருக்கும் என்று காகிதத்திலேயே கணக்குப் போடலாம். போட்டுப் பார்த்தால் முதல் இரண்டு சாராருமே சரியான தகவலைத்தான் சொல்கிறார்கள் என்பது விளங்கும். ஒருவர் பிடித்திருப்பது ஆண்வழியை, மற்றவர் பிடித்திருப்பது மொத்தப் பங்கை.

வம்சாவளியைக் கட்டுவது

மரபணுக் கணக்கில் தவறு நேர்வது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் இல்லை, வம்சாவளியில்தான். எனவே ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனியே சான்று வேண்டும். அரசன் தன் காலத்திலேயே வெளியிட்ட சாசனம் முதல் தரம். மகனோ பேரனோ பின்னால் வெளியிட்டது இரண்டாம் தரம். இலக்கியப் புகழ்ச்சி மூன்றாம் தரம்.

குலோத்துங்கன் விஷயத்தில் தமிழ் மெய்க்கீர்த்திகளை (கல்வெட்டின் முகப்பில் வரும் புகழுரைகளை) மட்டும் நம்பினால் உறவுமுறை முழுதாகக் கிடைக்காது. அவை வெற்றிகளைப் பாடும், தந்தை பெயரைச் சொல்லாது. வேங்கிச் செப்பேடுகள் நேர்மாறு. வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியருக்கு ஓர் அருமையான வழக்கம் இருந்தது: ஏடு வெளியிடும்போதெல்லாம் தங்கள் முதல் அரசன் குப்ஜ விஷ்ணுவர்த்தனன் 18 ஆண்டு ஆண்டான் என்று தொடங்கி, ஒவ்வொரு அரசனும் முன்னவனுக்கு மகனா, தம்பியா, எத்தனை ஆண்டு ஆண்டான் என்று வரிசையாக எழுதிவைப்பார்கள். வேங்கிக்கு அரசனே இல்லாமல் கிடந்த 27 ஆண்டுகளைக்கூட மறைக்காமல் குறித்திருக்கிறார்கள். வம்சாவளி ஆராய்வோருக்கு இதைவிட நல்ல மூலம் தென்னாட்டில் அரிது. குலோத்துங்கனின் மகன் வீரசோடனின் செல்லூர்ச் செப்பேட்டிலிருந்து நமக்கு வேண்டிய மூன்று மணங்களும் கிடைக்கின்றன.

வேங்கி அரசன் விமலாதித்தன் முதலாம் ராஜராஜனின் மகளும் ராஜேந்திரனின் தங்கையுமான குந்தவையை மணந்தான். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன், ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கதேவியை மணந்து 41 ஆண்டு ஆண்டான். அவர்கள் மகன்தான் குலோத்துங்கன். அவன் ராஜேந்திரதேவனின், அதாவது ராஜேந்திர சோழனின் மகன் இரண்டாம் ராஜேந்திரனின், மகள் மதுராந்தகியை மணந்தான். விமலாதித்தன் சோழநாட்டுக்கு வெறும் பெயர் மட்டுமில்லை. ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டில் திருவையாற்று ஐயாறப்பருக்கு வெள்ளிக் கலசங்கள் கொடுத்ததாக அந்தக் கோயில் கல்வெட்டிலேயே அவன் பெயர் இருக்கிறது.

இங்கே மூன்று இடங்களில் வழுக்கும். முதலாவது, குந்தவை இருவர். வந்தியத்தேவனை மணந்தவள் ராஜராஜனின் அக்கா. வேங்கிக்குப் போனவள் அவன் மகள். இருவரையும் ஒருவராக்கினால் ஒரு தலைமுறையே பிசகும். இரண்டாவது, குலோத்துங்கன் தன் முதல் சில ஆட்சியாண்டுகளில் ராஜகேசரி ராஜேந்திரன் என்ற பெயரில்தான் கல்வெட்டு வெளியிட்டான். அவற்றை வேறு ராஜேந்திரன் கணக்கில் சேர்ப்பதுண்டு. ஆண்டைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்தால் இதுதான் நடக்கும். மூன்றாவது, ராஜராஜ நரேந்திரனை அவன் தாய்வழிப் பாட்டனோடு குழப்புவது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தால் வந்த வினை.

கணக்கு

ஒருவருக்குத் தாத்தா பாட்டி நால்வர். ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாகக் கால் பங்கு வரும். குலோத்துங்கனின் நால்வர்: விமலாதித்தன், குந்தவை, ராஜேந்திர சோழன், அம்மங்கதேவியைப் பெற்ற ராணி. இவர்களில் குந்தவையும் ராஜேந்திரனும் ராஜராஜனின் மக்கள். ஆக, சோழ அரண்மனையில் பிறந்தவர்களிடமிருந்து வந்தது 50 சதவீதம், விமலாதித்தனிடமிருந்து 25, ராணியிடமிருந்து 25.

ராஜராஜனின் பங்கைத் தனியாகப் பாருங்கள். கொள்ளுப்பாட்டன் ஒருவரிடமிருந்து எட்டில் ஒரு பங்குதான் வரவேண்டும். இங்கே குந்தவை வழியாக ஒரு எட்டில் ஒன்று, ராஜேந்திரன் வழியாக இன்னொரு எட்டில் ஒன்று. கூட்டினால் கால். அதாவது, ராஜராஜன் குலோத்துங்கனுக்குக் கொள்ளுப்பாட்டன் முறை, மரபணு அளவில் பாட்டனுக்குச் சமம். விமலாதித்தனும் ராஜராஜனும் ஒரே அளவு பங்கு வைத்திருக்கிறார்கள்.

காரணம் நம் வீட்டு வழக்கம்தான். நரேந்திரன் மணந்தது தாய்மாமன் மகளை. குலோத்துங்கன் மணந்ததும் தாய்மாமன் மகளையே. முறைப்பெண் மணம் இரண்டு தலைமுறை அடுத்தடுத்து நடந்திருக்கிறது. மதுராந்தகி வயிற்றில் பிறந்த பிள்ளைகளின் எட்டுக் கொள்ளுத் தாத்தா பாட்டி இடங்களில் ராஜேந்திர சோழன் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பங்கு 25 சதவீதம், குந்தவையுடையது 12.5, விமலாதித்தனுடையது 12.5. மீதிப் பாதி, மணமாகி வந்த ராணிகள் வழியாக வந்தது. ஒரே தலைமுறையில் சோழப் பிறப்பின் பங்கு சாளுக்கியப் பங்கைப்போல் மூன்று மடங்காகிவிட்டது.

நெருங்கிய உறவுமணத்தின் அளவையும் கணக்கிடலாம். குந்தவையும் ராஜேந்திரனும் ஒரே தாய் மக்களானால் குலோத்துங்கனின் உட்கலப்புக் கெழு (ஒரே மூதாதையின் ஒரே மரபணு தாய், தந்தை இருவர் வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு) 1/16, வேறு தாய் மக்களானால் 1/32. அவன் பிள்ளைகளுக்கு, எல்லா உடன்பிறப்புகளும் ஒரு தாய் மக்கள் என்று கொண்டால் 5/64, அதாவது சுமார் 7.8 சதவீதம். எல்லாரும் வேறு தாய் மக்கள் என்றால் 5/128, சுமார் 3.9. அரசர்களுக்குப் பல தேவியர் இருந்ததால் இந்த இடைவெளியை இடைவெளியாகவே விட வேண்டும். ஒரே எண்ணைத் தூக்கிப் பிடிப்பது பிழை.

இன்னொரு எச்சரிக்கை. கால் பங்கு என்பது சராசரி. குரோமோசோம்கள் துண்டு துண்டாகக் கலைந்து இறங்குவதால் ஒரு பாட்டனின் உண்மையான பங்கு 25க்குச் சில புள்ளிகள் மேலே கீழே போகும். தாய் தந்தையிடமிருந்து மட்டும்தான் சரிபாதி.

ஒரே உடம்பில் நான்கு விடை

இப்போது இழை இழையாகப் பிரித்தால்தான் விவாதம் ஏன் தீரவில்லை என்பது புரியும்.

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். குலோத்துங்கனின் ஒய் நரேந்திரனுடையது, விமலாதித்தனுடையது, அப்படியே ஏறிப் போனால் குப்ஜ விஷ்ணுவர்த்தனனுடையது. அவன் பாதாமி சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியின் தம்பி. ஆகவே ஆண்வழியைப் பிடித்துக்கொண்டு 'தெலுங்கன்' என்று சொல்வதும் பொருந்தாது. அந்த இழை ஏழாம் நூற்றாண்டில் கன்னட நாட்டிலிருந்து வேங்கிக்குப் போனது. 1070க்குப் பிறகு கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆண்வழி பாதாமி வழி. ஆனால் அது 46 குரோமோசோமில் ஒன்று.

எக்ஸ் குரோமோசோம் கதையே வேறு. ஆண் தன் ஒற்றை எக்ஸைத் தாயிடமிருந்துதான் பெறுகிறான். குலோத்துங்கனின் எக்ஸ் அம்மங்கதேவியுடையது. அதில் ராஜேந்திர சோழனின் துண்டும் ராணியின் துண்டும் கலந்திருக்கும். விமலாதித்தனுடையது துளியும் கிடையாது. குந்தவையுடையதும் கிடையாது, ஏனென்றால் நரேந்திரன் மகனுக்குக் கொடுத்தது ஒய். ஒரே மனிதனின் இந்த இரண்டு குரோமோசோமை மட்டும் தனித்தனியே பார்த்தால், ஒன்று முழுக்க வேங்கி, மற்றொன்றில் வேங்கி பூச்சியம்.

செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் தனி டிஎன்ஏ தாய்வழி மட்டும். அது 16,569 எழுத்துகள் கொண்ட சிறு வளையம். அரசனிடம் இருப்பது அவன் தாயுடையது, அவன் மக்களுக்குப் போகாது. ஆகவே சோழ அரியணையில் தாய்வழி ஏறக்குறைய ஒவ்வொரு பட்டத்துக்கும் மாறிக்கொண்டே இருந்தது. ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி திருக்கோவலூர் மலையமான் குடியினள். பராந்தகன் மகன் ராஜாதித்தனின் தாய் சேர இளவரசி. ஆதித்த சோழனின் தேவியருள் ஒருத்தி ராஷ்டிரகூடன் இரண்டாம் கிருஷ்ணனின் மகள். 'தூய சோழக் குருதி' என்று ஒன்றைத் தேடுபவர் இந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். விஜயாலயன் காலத்திலிருந்தே அது கலந்து கலந்து வந்தது.

ஆண்வழி குலோத்துங்கனுக்குப் பின்னும் சீராக ஓடியதா என்பதும் கேள்விதான். மயிலாடுதுறை அருகே பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு, இரண்டாம் ராஜராஜனின் பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்ததால் விக்கிரம சோழனின் பேரன் எதிரிலிப்பெருமாளை அழைத்து வந்து ராஜாதிராஜன் என்று முடிசூட்டியதைச் சொல்கிறது. மகன் வயிற்றுப் பேரன் என்றால் பாதாமி ஒய் தொடர்கிறது. மகள் வயிற்றுப் பேரன் என்றால் அங்கே அறுந்து, மருமகனின் ஒய் ஏறிவிட்டது. வம்சாவளிப் பட்டியலில் இப்படிப்பட்ட கண்ணியைப் புள்ளிக்கோடாக மட்டுமே வரைய வேண்டும்.

தோண்டி எடுத்துச் சோதிக்கலாமா?

இந்தக் கேள்வி வந்தவுடன் எல்லாரும் கைகாட்டுவது, ராஜராஜனின் சமாதி இருப்பதாகப் பலர் நம்பும் கும்பகோணம் அருகிலுள்ள உடையாளூரை. அங்குள்ள பால்குளத்தி அம்மன் கோயில் தூணில் குலோத்துங்கனின் 42ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சிவபாதசேகர தேவரான ராஜராஜ தேவரின் திருமாளிகையைப் புதுப்பித்ததைச் சொல்வது அது. 1112 வாக்கில், கொள்ளுப்பேரன் ஆட்சியில் கொள்ளுப்பாட்டன் பெயரிலான மாளிகை பராமரிக்கப்பட்டிருக்கிறது. தன்னை யாருடைய வழித்தோன்றலாக எண்ணினான் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று தேவையில்லை. அந்த இடம் சமாதியா என்ற வழக்கு 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், தொல்லியல் ஆய்வுக்கும் உத்தரவானது.

மரபணு நோக்கில், அங்கே தோண்டுவதால் பயன் இல்லை. உடலை எரியூட்டியிருந்தால், சிதையின் வெப்பத்தில் எலும்பு சுண்ணாம்பாகும்போது டிஎன்ஏ சிதைந்துவிடும். அஸ்தியிலிருந்து வம்சம் கண்டுபிடிக்க முடியாது. எரிக்காமல் புதைத்திருந்தாலும் டெல்டா மண் கைகொடுக்காது. வெப்பமும் ஈரமும் டிஎன்ஏவுக்கு முதல் எதிரி, வண்டல் நிலத்தில் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். வறண்ட ஹரியானாவில் சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியிலேயே 61 மாதிரிகளைச் சலித்து, பயன்படும் மரபணுத் தொடர் ஒரே ஒரு பெண்ணின் எலும்பிலிருந்துதான் 2019இல் வெளியானது. பட்டீஸ்வரம் பக்கம் பஞ்சவன்மாதேவி பள்ளிப்படை (இறந்தவர் நினைவுக் கோயில்) போன்ற இடங்களை மரபணு ஆசையில் தொடவே கூடாது. கிடைக்கப்போவது ஒன்றுமில்லை, இழக்கப்போவது ஆயிரமாண்டுக் கட்டுமானம்.

இதிலிருந்து நேராக வரும் முடிவு ஒன்று உண்டு. உறுதிசெய்யப்பட்ட சோழ அரச மாதிரி உலகில் எங்கும் இல்லை. ஒப்பிட மூலம் இல்லாதபோது 'உங்களுக்குச் சோழ அரச மரபணு இத்தனை சதவீதம்' என்று யார் அறிக்கை கொடுத்தாலும் அது ஆதாரமற்றது. மொத்த மரபணுவைப் பார்த்து 'சோழப் பங்கு', 'வேங்கிப் பங்கு' என்று பிரிக்கவும் முடியாது. தென்னிந்தியக் குடிகள் எல்லாம் ஒரே சில ஆழமான மூதாதைக் கிளைகளின் கலவை. அந்தக் கலப்பு சுமார் 1,900 முதல் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது என்று 2013இல் வந்த ஆய்வு காட்டியது. ராஜராஜனும் விமலாதித்தனும் அதற்கெல்லாம் வெகு பின்னால் வந்தவர்கள். தலைமுறைக்கு 28 ஆண்டு என்றால் குலோத்துங்கனிலிருந்து இன்று வரை 34 தலைமுறை. பத்தே தலைமுறை மேலே போனாலும் அங்குள்ள 1,024 மூதாதை இடங்களில் ஏறக்குறைய பாதியிடமிருந்து நமக்கு ஒரு துண்டு டிஎன்ஏகூட வந்திருக்காது. 34ஆம் தலைமுறை மூதாதையின் பங்கு என்று எண் சொல்வது வீண்.

ஹேப்லோகுரூப் (ஆண்வழி அல்லது தாய்வழி மரபணுக் கிளை) பெயரை வைத்து 'வெளிநாட்டார்' முத்திரை குத்துவது அடுத்த பிழை. ஆர்1ஏ வந்தால் வடவர், எச் வந்தால் மண்ணின் மைந்தர் என்று எழுதிவிடுகிறார்கள். ஆர்1ஏ, ஆர்2, எல், எச், ஜே2 எல்லாமே தமிழ்நாட்டில் பல குடிகளிலும் இருக்கின்றன. அவை பிரிந்தது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன். ஓர் அரச குடும்பம் எங்கிருந்து வந்தது என்பது சில நூற்றாண்டுக் கேள்வி. மேல்மட்டக் கிளைப் பெயர் அதற்கு விடையே ஆகாது.

எலும்பு கிடைத்த இடத்திலும் சிக்கல்

இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பு 2012இல் லெஸ்டர் நகர வாகன நிறுத்துமிடத்தில் கிடைத்தது. 2014இல் முடிவு வெளியானது. அவன் அக்காவின் பெண்வழியில் வந்த இருவரோடு மைட்டோகாண்ட்ரியா பொருந்தியது. ஆண்வழி உறவினர் என்று ஆவணம் சொன்ன ஐவரோடு ஒய் பொருந்தவில்லை. ரிச்சர்டுடையது ஜி வகை. ஐவரில் நால்வர் ஆர்1பி, ஒருவர் ஐ. அந்த ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தாததால் அண்மைத் தலைமுறைகளில் ஓர் அறுப்பு (ஆவணம் சொல்லும் தந்தை பெற்ற தந்தை இல்லாத இடம்), ரிச்சர்டுக்கும் நால்வருக்கும் இடையே வேறோர் அறுப்பு. பிரான்சில் பதினாறாம் லூயியின் ரத்தம் என்று சுரைக்குடுக்கையில் பாதுகாத்ததிலும் ஜி வகைதான் வந்தது. 2013இல் வாழும் பூர்போன் குடும்பத்தார் மூவரைச் சோதித்தபோது ஆர்1பி வந்து, குடுக்கை ரத்தம் கேள்விக்குள்ளானது. ஒரே ஒரு மாதிரியை நம்பி வம்சம் எழுதக்கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

டெல்டாவில் சோதிக்கக்கூடிய ஒரே அரச வழி

சோழருக்கு முடியாதது தஞ்சை மராட்டியருக்கு முடியும். 1676இல் தஞ்சையைப் பிடித்த ஏகோஜி, சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் பெற்ற மகன்; இருவருக்கும் தந்தை ஒருவரே, ஷாஜி. எனவே ஒய் ஒன்றே. இவர்களின் போன்ஸ்லே குடி தன்னை ராஜஸ்தானின் மேவாரை ஆண்ட சிசோதியர் வழி என்று சொல்லிக்கொள்கிறது. பெரிய கோயில் சுவரில் 1803இல் பொறித்த மராத்திக் கல்வெட்டும் வம்ச வரலாற்றை விரிவாகப் பேசுகிறது. வரலாற்றாளர்களிடையே இந்த உரிமை தீராத வழக்கு. மேவாரிலிருந்து பிரிந்ததாகச் சொல்லும் காலம் பதினான்காம் நூற்றாண்டு. இரு பக்கமும் 24 தலைமுறை வீதம் 48 பிறப்புப் படிகள்.

சோதனைக்கு முன் ஒவ்வொரு படியையும் 'பெற்ற மகன்', 'சுவீகாரம்', 'ஐயம்' என்று குறிக்க வேண்டும். தஞ்சையில் 1787இல் துளஜா சுவீகாரம் எடுத்த இரண்டாம் சரபோஜி, போன்ஸ்லே குடியின் வேறொரு கிளைப் பிள்ளை. சகோத்திரச் சுவீகாரம் என்பதால் ஒய் மாறாது, ஆனால் இடையிலுள்ள படிகள் கூடும். 1738-39இல் ஆண்ட காட்டுராஜாவை முதலாம் சரபோஜியின் மகன் என்று ஒரு தரப்பும் போலி என்று மறு தரப்பும் சொன்னதால் அவன் பெயர் 'ஐயம்' கட்டத்தில் போகும். 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததால், அதற்குப் பிந்தைய ஒவ்வொரு படிக்கும் தனி ஆவணம் கேட்க வேண்டும். சிவாஜி வழியில் வந்த மற்றோர் அரசான கோல்ஹாப்பூர் பக்கம் போனால் இன்னும் கவனம். 1884இல் அங்கே பட்டத்துக்கு வந்த ஷாஹு, காகல் காட்கே குடும்பத்திலிருந்து சுவீகாரம் வந்தவர். அந்த வழி ஆண் ஒருவரைச் சோதித்துவிட்டு 'சிவாஜியின் ஒய்' என்று எழுதினால் முழு ஆய்வும் கெட்டுவிடும்.

மாதிரி எடுப்பது எளிது. சுமார் 2 மில்லி எச்சில் போதும். வெற்றிலை, புகையிலை போடுபவரானால் வாயை நன்றாகக் கொப்பளித்து அரை மணி நேரம் எதுவும் வாயில் போடாமல் இருந்த பிறகு எடுக்க வேண்டும். இல்லையேல் மாதிரி கலங்கி, டிஎன்ஏ பெருக்கும் கட்டத்தில் தோற்கும். தந்தை மகன் ஜோடியை எடுக்கவே வேண்டாம். ஆய்வுக்கு அதில் லாபமில்லை, குடும்பத்தில் வெடிக்கக்கூடிய விஷயம் வெளிவரும். 300, 350 ஆண்டுக்கு முன் பிரிந்த இரு கிளையிலிருந்து ஆளுக்கொருவர் எடுப்பதே முறை. பொருந்தாவிட்டால் சொல்லவேண்டுமா, யாரிடம் சொல்வது என்பதைக் கையெழுத்து வாங்கும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் கட்டம் எஸ்டிஆர், அதாவது ஒய்யின் குறிப்பிட்ட இடங்களில் (மார்க்கர்) ஒரு சிறு துண்டு எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுவது. 37 மார்க்கர், அந்த இரு கிளைக்கும் 12 வீதம் 24 பிறப்புப் படி, மார்க்கருக்குத் தலைமுறைக்கு ஆயிரத்தில் 2 முதல் 4 மாற்றம் என்று கொண்டால் 2 முதல் 4 வேறுபாடு வரை இயல்பு. பதினைந்து வந்தால் அந்தக் காலத்துக்குள் ஒரே தந்தை வழி இல்லை. பன்னிரண்டே மார்க்கர் பார்த்து, பன்னிரண்டும் பொருந்தியது என்று மகிழ்பவர்கள் ஏமாறுவார்கள், தற்செயலாகவே அவ்வளவு பொருந்தும். இரண்டாம் கட்டம் ஒய் முழுத் தொடர். எஸ்என்பிகளை (ஒற்றை எழுத்து மாற்றங்களை) எண்ணிப் பொது மூதாதை காலத்தை மதிப்பிடலாம். 700 ஆண்டை ஒட்டி வந்தால் மேவார் உரிமைக்கு வலுவான ஆதரவு.

4,000 ஆண்டு என்று வந்தால்? உடனே உரிமை பொய் என்று தீர்ப்பு எழுதக்கூடாது. ஐரோப்பிய வம்சாவளி ஆய்வுகளில் ஆவணத் தந்தை வேறு, பெற்ற தந்தை வேறு என்பது தலைமுறைக்குச் சுமார் 1 சதவீதம். அதே அளவை இங்கே வைத்தாலும் 48 படியில் எங்கோ ஒன்று அறுந்திருக்க 38 சதவீத வாய்ப்பு. அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் தஞ்சைக் கிளையும் மகாராஷ்டிரத்தில் ஆண்வழி அறாத கிளையும் தமக்குள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். மேவார் பக்கமும் அதேபோல் இரு கிளை. இரு பக்கமும் உள்ளுக்குள் பொருந்திய பிறகு ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால் மட்டுமே, ஷாஜிக்கு மேலே எங்கோ பிசகு என்று சொல்ல முடியும். அது கதையில் நேர்ந்த பிசகா, பிறப்பில் நேர்ந்த பிசகா என்பதை ஒய் சொல்லாது. அதற்கு மறுபடியும் ஆவணத்துக்குத்தான் போக வேண்டும்.